மலேரியா புரதத்துக்கு டி செல்கள் எதிர்வினை காட்டுகின்றனவா? எலிஸ்பாட் தட்டில் பார்க்கும் முறை

எலிஸ்பாட் என்பது, தூண்டப்பட்ட நோயெதிர்ப்புச் செல் ஒவ்வொன்றும் சுரக்கும் பொருளைக் குழிகள் உள்ள தட்டில் ஒரு புள்ளியாகக் காட்டும் சோதனை. அதைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, குழிகளில் எதைப் போடப் போகிறீர்கள் என்பதுதான். ரத்தச் செல்கள் எதைக் கண்டாலும் கிளம்பிவிடும். அந்தக் கிளர்ச்சி மலேரியா புரதத்தால்தான் வந்தது என்று காட்டுவதே இந்தச் சோதனையின் கடினமான பகுதி.

ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த புரதம் என்றால் அந்த பாக்டீரியாவின் எண்டோடாக்ஸின் என்ற நச்சுப்பொருளும் கூடவே ஒட்டிக்கொண்டு வரக்கூடும். மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் அதை மோப்பம் பிடித்து, டி செல்கள் அல்லாத என்.கே. செல்களை உசுப்பிவிடும்; நாம் புள்ளியாக எண்ணும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தை அவையும் சுரக்கும். தட்டில் அழகான புள்ளிகள் விழும், மலேரியாவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இருக்காது. ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்களின் சாறு இதைவிடச் சிக்கல். மலேரியாவே வராதவருடைய காமா டெல்டா என்ற தனி வகை டி செல்களும் அதற்குத் துள்ளி எழும். அவற்றைத் தூண்டுவது புரதமே அல்ல, ஒட்டுண்ணியின் வளர்சிதை மாற்றத்தில் உண்டாகும், பாஸ்பேட் கொண்ட ஒரு சிறு மூலக்கூறு. சாறுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஒட்டுண்ணி இல்லாத சிவப்பணுச் சாற்றையும் மலேரியா அறியாதவர் ரத்தத்தையும் பக்கத்திலேயே வைத்துச் சோதியுங்கள்.

என் தேர்வு செயற்கைப் பெப்டைடுகள், அதாவது மலேரியா புரதத்தின் வரிசைப்படி செய்த சிறு துண்டுகள். 15 அமினோ அமிலங்கள் நீளம், அடுத்தடுத்தவை 11 அமிலங்களில் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். சிடி4, சிடி8 என்ற இரண்டு வகை டி செல்களையும் ஓரளவு பிடிக்கலாம். மலேரியா ஒட்டுண்ணியின் மேற்பரப்பில் உள்ள, சிஎஸ்பி எனப்படும் சர்கம்ஸ்போரோசோயிட் புரதத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் நடுப்பகுதியில் நான்கு அமிலத் தொடர் ஒன்றே திரும்பத் திரும்ப வருகிறது. நான்கு நான்காக நகர்ந்து வெட்டினால் ஒரே பெப்டைடைத்தான் பலமுறை காசு கொடுத்து வாங்குவீர்கள். வரிசையைக் கண்ணால் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். டி செல்கள் குறிவைக்கும் இடங்கள் பல சிஎஸ்பியின் சி முனை எனப்படும் கடைசிப் பகுதியில் இருக்கின்றன. அந்தப் பகுதி ஒரே ஒட்டுண்ணி இனத்துக்குள்ளேயே திரிபுக்குத் திரிபு மாறும். 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ் மலேரியா தடுப்பூசி, 3டி7 என்ற ஆய்வகத் திரிபின் சிஎஸ்பி வரிசையைக் கொண்டது. தடுப்பூசி போட்டவர்களுக்கு அது சரி. இயற்கையாக நோய் கண்டவர்களுக்கு அது மட்டும் போதாது.

ஹெபாரின் குழாயில் எடுத்த ரத்தத்தை 1.077 அடர்த்தியுள்ள ஃபிக்கால் என்ற, செல்களைப் பிரிக்கும் கரைசல்மேல் மெதுவாக ஊற்றி, 400 ஜி விசையில் 30 நிமிடம் சுழற்றுங்கள். பிரேக்கை அணைத்துவிடுங்கள், இல்லையேல் பிரிந்த அடுக்கு கலங்கிவிடும். நடுவில் நிற்கும் வெண்படலம்தான் நமக்கு வேண்டியது. உறைந்த செல்கள் என்றால் 37 டிகிரியில் சட்டென்று உருக்கி, இரவு முழுவதும் ஓய்வு கொடுத்து, உயிருள்ளவற்றை மறுபடி எண்ணுங்கள்.

இன்டர்ஃபெரான் காமா எதிர்ப்பொருள் பூசிய தட்டில் குழிக்கு 2 லட்சம் செல்கள். ஒவ்வொரு நபருக்கும் மூன்று வகைக் குழிகள்: பெப்டைடு, பெப்டைடைக் கரைத்த அதே டிஎம்எஸ்ஓ கரைப்பான் மட்டும், எல்லா டி செல்களையும் எழுப்பும் பிஎச்ஏ. கலவையில் பெப்டைடுகள் கூடக் கூட டிஎம்எஸ்ஓவும் ஏறும், மொத்தம் 0.5 சதவீதத்தைத் தாண்டவிடாதீர்கள். 37 டிகிரி, 5 சதவீதக் கரியமில வாயு, 18 முதல் 20 மணி நேரம். இடையில் தட்டைத் தொடவே கூடாது. எட்டிப் பார்க்க இழுத்தாலே செல்கள் நகர்ந்து புள்ளிகள் தீற்றலாகிவிடும்.

பிறகு கழுவுதல், இரண்டாம் எதிர்ப்பொருள், நிறமேற்றம் எல்லாம் கிட்டில் எழுதியிருப்பதுபோலத்தான். புள்ளிகள் தெளிந்ததும் குழாய் நீரில் கழுவி நிறமேற்றத்தை நிறுத்தி, இருட்டில் உலர்த்துங்கள். ஈரத் தட்டை எண்ணாதீர்கள்.

எண்ணும்போது முதலில் பிஎச்ஏ குழியைப் பாருங்கள். அது வெறுமையாக இருந்தால் அந்த நபருக்கு “எதிர்வினை இல்லை” என்று எழுதக் கூடாது. செல்கள் செத்திருக்கலாம், சோதனை செல்லாது. டிஎம்எஸ்ஓ குழியில் புள்ளிகள் மொய்த்திருந்தாலும் அதே தீர்ப்பு. இரண்டும் ஒழுங்காக இருந்தால் பெப்டைடு எண்ணிக்கையிலிருந்து டிஎம்எஸ்ஓ எண்ணிக்கையைக் கழித்து, பத்து லட்சம் செல்களுக்கு இத்தனை என்று எழுதுங்கள். சுரந்தது சிடி4ஆ, சிடி8ஆ என்று புள்ளி சொல்லாது. அதற்கு ஒரு வகையை நீக்கிவிட்டு மறுபடி தட்டு போட வேண்டும், அல்லது மிஞ்சிய செல்களை, ஒவ்வொரு செல்லின் வகையையும் தனித்தனியாகக் காட்டும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு அனுப்ப வேண்டும். ஆகவே ஒரு குழாய் செல்களைத் தனியாக உறைய வைத்துக்கொள்ளுங்கள்.