பூவரசம் பீப்பியும் தென்னங்கீற்று நாயனமும் செய்வது எப்படி

இலைப் பீப்பியில் ஓசை வரவில்லை என்றால் கன்னம் புடைக்க இன்னும் பலமாக ஊதிப் பார்ப்பார்கள். பயனில்லை. கோளாறு மூச்சில் இருக்காது, வாயில் வைக்கிற முனையில்தான் இருக்கும். நாயனத்தில், அதாவது நாதசுரத்தில், வாயில் வைத்து ஊதுகிற சீவாளி பார்க்கிற வேலையை இங்கே இலையின் முனை பார்க்கிறது. ஒட்டியும் ஒட்டாமலும் இரண்டு இதழ்கள், நடுவே மெல்லிய சந்து. காற்று அதன் வழியே போகும்போது இதழ்கள் மூடித் திறந்து அதிர்கின்றன. சந்து அகன்றுவிட்டால் வெறும் காற்றுதான் வரும்; ஒட்டிக்கொண்டால் அதுவும் வராது. ஆகவே எதைச் செய்தாலும் முதல் கவனம் முனைக்கு.

பூவரசம் பீப்பி

தளிர் இலை துவண்டு ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் பாய்ந்த முற்றல் சுருட்டும்போதே கீறிவிடும். கிளை நுனியிலிருந்து நாலாவது, ஐந்தாவது இலையாக, உள்ளங்கை அகலத்தில் பாருங்கள். மடக்கினால் ஒடியாமல், விட்டால் மெல்ல நிமிர வேண்டும். பறிக்கும் முன் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள், பூவரசில் கம்பளிப்பூச்சி குடியிருக்கும். மற்றபடி கொழுக்கட்டை அவிக்கிற இலைதான், தூசி துடைத்து வாயில் வைக்கலாம்.

காம்பைக் கிள்ளி எறியுங்கள். நடுநரம்பு அடியில் தடித்திருக்கும். அந்தத் தடிப்பை மட்டும் ஓர் அங்குல நீளத்துக்கு நகத்தால் சீவிவிடுங்கள். பிறகு இலையின் ஒரு பக்க ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, நரம்புக்கு இணையாகச் சுருட்டுங்கள். முதல் சுற்று பென்சில் பருமனில் இருக்கட்டும். இலை நுனிப் பக்கம் ஒடுங்கியும் காம்புப் பக்கம் சற்றே விரிந்தும் வந்தால் நல்லது. சுருட்டி முடித்ததும் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் வாலைக் கிள்ளி, முனையை நேராக்குங்கள்.

அந்த முனையில் அரை அங்குலத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தட்டையாக அழுத்த வேண்டும். பலருக்குத் தவறுவது இங்கேதான். நடுநரம்பு இதழின் மத்தியில் வந்தால் விறைத்து நின்று இதழ்களை மூடவிடாது. சுருளைக் கொஞ்சம் திருப்பி, நரம்பு ஓரத்து மடிப்பில் விழும்படி வைத்து அழுத்துங்கள். பிரிந்துவிடாமல் நடுவில் விரல்களால் பிடித்துக்கொண்டு, தட்டையான பகுதி முழுவதையும் வாய்க்குள் விட்டு, அதற்குப் பின்னால் உதட்டைக் குவித்து ஊதுங்கள். பல் படக் கூடாது. பிள்ளைகள் கடித்துக் கடித்தே முனையைக் கூழாக்கிவிடுவார்கள்.

புஸ் என்று காற்று மட்டும் வந்தால் சுருளின் அடுக்குகள் நடுவே கசிவு இருக்கும், இறுக்கிச் சுருட்டுங்கள். காற்றே போகாமல் அடைத்தால் தட்டை முனையின் இரு ஓரங்களையும் விரலால் லேசாக நெருக்குங்கள், இதழ்கள் கண் இமை போலப் பிரியும். நன்றாக ஊதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்றால் எச்சில்தான் காரணம். உதறித் துடைத்தால் போதும். மறுமுனையை உள்ளங்கையால் பொத்தியும் விட்டும் ஊதினால் ஓசை வளைந்து வரும். இலை வாடுவதற்குள் ஊதி முடித்துவிட வேண்டும், எடுத்து வைக்கிற பொருள் அல்ல இது.

தென்னங்கீற்று நாயனம்

இதற்குக் குரல் பெரிது, வேலையும் கூடுதல். பச்சை மட்டையின் நடுப்பகுதிக் கீற்றுகளில் மூன்று எடுத்து, ஈர்க்கை உரித்துவிட்டால் ஆறு பட்டைகள் கிடைக்கும். குருத்தோலை வேண்டாம், பார்க்க அழகு, ஆனால் விறைப்பு போதாது.

முதலில் சீவாளி. ஒரு பட்டையிலிருந்து மூன்று அங்குலத் துண்டு நறுக்கி, அகலவாட்டில் சுருட்டுங்கள். சிறு பேனா ரீபிளைவிடச் சற்றுப் பருமனான குழல் கிடைக்கும். ஒரு முனையைத் தட்டையாக அழுத்தி, அதை மட்டும் தனியாக ஊதிப் பாருங்கள். கீச்சென்று கத்த வேண்டும். கத்தாத சீவாளிமேல் எத்தனை பட்டை சுற்றினாலும் கத்தாது. இதில் அவசரப்பட்டு உடலைச் சுற்றிவிட்டுப் பிறகு முழிப்பவர்களே அதிகம்.

கத்தினால், உருண்டையாக இருக்கும் மறுமுனையில் அடுத்த பட்டையைச் சாய்வாகச் சுற்றத் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதி அகலத்தை மூட வேண்டும். ஒரு பட்டை முடியும்போது அடுத்ததன் நுனியை அதற்கு அடியில் செருகிவிட்டுத் தொடருங்கள். நாலைந்து பட்டையில் ஒரு சாண் நீளத்துக்கு மேல் வரும். குழலின் வாய் ஒரே மூச்சில் விரியக் கூடாது. முதல் மூன்று நான்கு சுற்றுகள் ஒடுக்கமாகவே போய், அதற்குப் பிறகு படிப்படியாக அகலட்டும். சட்டென்று அகன்றால் சீவாளிக்குப் பிடிமானம் கிடைக்காமல் குரல் சிதறும். நாயனத்தின் உடலும் மேலே ஒடுங்கிக் கீழே விரிந்துதான் இருக்கிறது, அடியில் அணைசு என்கிற விரிந்த வாய் வேறு.

கடைசிச் சுற்றை விட்டால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். உரித்துவைத்த ஈர்க்கில் இரண்டு அங்குலம் ஒடித்து, எல்லா அடுக்குகளையும் கோத்தபடி குறுக்கே செருகுங்கள். ஆடு மேய்க்கிறவர்கள் கையில் கிடைத்த வேலமுள்ளைச் செருகிவிடுவார்கள். ரப்பர் பேண்டு போட்டாலும் குற்றமில்லை.

குழலில் விரல் துளை போட முயலாதீர்கள். அடுக்குகளின் நடுவே காற்று வழி தேடிக்கொண்டு, இருக்கிற ஓசையும் போய்விடும். ராத்திரி வைத்து எடுத்தால் ஓலை சுருங்கிச் சுற்றுகள் தளர்ந்திருக்கும். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மறுநாளும் ஊதலாம். சீவாளி மட்டும் போய்விட்டால் அதை உருவிவிட்டுப் புதிதாகச் செருகினால் போதும். நாயனக்காரர்களும் வாத்தியத்தில் மாற்றுச் சீவாளிகளைத் தொங்கவிட்டிருப்பது இதற்காகத்தான். அவர்களுடையது திருவாவடுதுறைப் பக்கம் நாணல் தட்டையில் பக்குவம் செய்வது; 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதசுரம் ஆச்சா மரத்தில் கடைவது.

பப்பாளிக் காம்பு

இது சுலபம். ஓர் அடி நீளக் காம்பை இலையோடு ஒட்டும் இடத்தில் வெட்டுங்கள். அந்த முனை அடைபட்டே இருக்க வேண்டும், மறுமுனை திறந்திருக்க வேண்டும். பால் வடியும் வரை நிறுத்தி வைத்து, தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். பால் உதட்டில் பட்டால் எரியும். அடைப்பிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி, நீளவாட்டில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு பக்கம் மட்டும் பிளேடால் கீறுங்கள். கீறல் முழுவதும் வாய்க்குள் போகும்படி வைத்து ஊத வேண்டும். ஓசை எழவில்லையா? கீறலின் இரு பக்கமும் மேல்தோலை மெல்லியதாகச் சீவுங்கள். காம்பின் சுவர் தடித்திருந்தால் அதிராது.

வருவது ஒரே சுரம், தடித்த குரல். தென்னங்கீற்று நாயனத்துக்கு ஒத்து ஊத, அதாவது சுருதிக்காக ஒரே சுரத்தை விடாமல் ஊத, இது போதும். காம்பை முதலில் நீளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நாயனத்தை ஊத, மற்றவர் காம்பின் திறந்த முனையை அரை அங்குலம் அரை அங்குலமாக நறுக்கிக்கொண்டே ஊதிப் பார்க்க வேண்டும். நறுக்க நறுக்கச் சுருதி ஏறும். இரண்டும் சேர்கிற இடத்தில் கத்தியைக் கீழே வையுங்கள்.