பரோட்டா ஊரில் கோதுமை இல்லாத அடுப்பு

எங்கள் வீட்டிலிருந்து, பரோட்டாக் கடைகளுக்குப் பேர்போன பிரானூர் பார்டருக்கு நடந்தே போய்விடலாம். குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில், சாயங்காலம் ஆனதும் சால்னா வாசம் செங்கோட்டை வரைக்கும் வந்துவிடும். பரோட்டா கொத்துகிற சத்தமும் கேட்கும் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. இப்படிப்பட்ட இடத்தில் என் மகளுக்குக் கோதுமை ஆகாது.

மனைவிக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் ஆரியங்காவு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. விடிந்ததும் பஸ் ஏறிவிடுவாள். அதனால் ஐந்து வருடமாகச் சமையல் என் பொறுப்பு. அதில் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மகளுக்கு இருப்பது சீலியாக் நோய். அலர்ஜி வேறு, இது வேறு. கோதுமை அலர்ஜி என்றால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு என்று வெளியே காட்டிவிடும். சீலியாக் உள்ளுக்குள் அரிக்கிற சங்கதி. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும். சத்தை உறிஞ்சுகிற குடல் உறிஞ்சிகள் தேய்ந்துபோகும். வயிறு ஊதும், எடை ஏறாது, ரத்தம் ஊறாது. மகளுக்கு ஆறு வயதில் நாலு வயதுப் பிள்ளையின் உயரம்தான். பூச்சி மருந்து, இரும்புச்சத்து டானிக் என்று ஒன்றரை வருடம் ஓடியது. ரத்தம் ஊறட்டும் என்று தினமும் பாலில் மால்ட் பவுடர் வேறு கலந்து கொடுத்தேன். மால்ட் என்பது முளைகட்டிய பார்லி என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சந்தேகம் இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. அதற்கு டிடிஜி என்று பெயர். தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி செய்து குடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். இதெல்லாம் முடிகிற வரைக்கும் கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டுப் போனால் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்துவிடலாம். நல்லது செய்வதாக நினைத்து முன்கூட்டியே நிறுத்துகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நோய் உறுதியான அன்று எனக்குப் பெரிய கவலை இல்லை என்பதுதான் உண்மை. நாம் என்ன பஞ்சாபா? இட்லி, தோசை, ஆப்பம், சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தங்களி, எதில் கோதுமை இருக்கிறது? பரோட்டாவையும் சப்பாத்தியையும் ரவையையும் சேமியாவையும் நிறுத்தினால் தீர்ந்தது என்று நினைத்தேன். நிறுத்தினேன். மகள் கொஞ்சம் தேறினாள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் டிடிஜி எண் பேருக்குத்தான் இறங்கியிருந்தது. டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வீட்ல பெருங்காயம் என்ன பெருங்காயம்?”

கடையில் விற்கிற பெருங்காயத்தில் அசல் பிசின் கொஞ்சம்தான். மீதி, பிசினைக் கட்டுப்படுத்தச் சேர்க்கிற கோந்தும் மாவும். அந்த மாவு பெரும்பாலும் மைதா அல்லது கோதுமை. தூள் டப்பாவில் மட்டும் அல்ல, கட்டிப் பெருங்காயத்திலும் உண்டு. சாம்பாரில், ரசத்தில், தாளிப்பில், மிளகாய்ப்பொடியில், ஊறுகாயில், முறுக்கில் என்று நாள் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தோம். என் அம்மாவிடம் சொன்னபோது, “ஒரு சிட்டிகையில என்னலே ஆயிரப் போவுது?” என்றாள். குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்டு விற்க வேண்டுமானால் ஒரு கிலோ பண்டத்தில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. அந்தக் கணக்கில் சிட்டிகை சின்ன விஷயம் இல்லை. இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். எங்கள் வீட்டில் அதையும் விட்டுவிட்டோம். நாலு பல் பூண்டைத் தட்டி, சீரகத்தோடு தேங்காய் எண்ணெயில் சிவக்க விட்டால் ரசத்துக்குப் போதும். அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் சாப்பிடுகிறாள்.

சாம்பார் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி மூன்றையும் வீட்டில்தான் அரைக்க வேண்டும். கடைப் பொடி பெரும்பாலானதில் பெருங்காயம் இருக்கும்.

அடுத்து மாவு மில். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நான் அதிகம் ஏமாந்தேன். புட்டுக்கும் இடியாப்பத்துக்கும் பச்சரிசியைக் கழுவிக் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்து வருவேன். அரிசி நம்முடையது, தண்ணீர் நம்முடையது, பயம் என்ன? ஒரு நாள் மில்லில் நின்று பார்த்தேன். எனக்கு முன்னால் ஓர் ஆச்சி கோதுமை கொண்டுவந்திருந்தார். அது அரைந்து முடிந்ததும், மில்காரர் தகரத் தொட்டியைக் கையால் இரண்டு தட்டு தட்டினார். துணிக் குழாயிலிருந்து பழுப்பு மாவு ஒரு பிடி உதிர்ந்தது. அதே குழாய்க்குள் என் அரிசி விழுந்தது. முதலில் வந்த மாவின் நிறமே லேசாக மங்கல். “அண்ணாச்சி, அரிசிக்குத் தனி மிஷின் இல்லையா?” என்று கேட்டேன். “வத்தலுக்கும் சீயக்காய்க்கும் தனியா இருக்கு. அரிசியும் கோதும்பையும் ஒண்ணுதானே, ரெண்டும் வெள்ளைதானே” என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வத்தல் காரம் நாக்குக்குத் தெரிந்துவிடும், இது தெரியாது.

அன்றிலிருந்து மாவு மிக்ஸியில்தான். அரைக் கிலோ பச்சரிசியை மூன்று தண்ணீர் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். வடிகட்டி, நிழலில் வெள்ளைத் துணி விரித்துப் பரப்பி, இருபது நிமிடம் உலர விடுங்கள். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. சின்ன ஜாரில் ஒரு பிடி, ஒரு பிடியாகப் போட்டு அரைத்துச் சலித்து, கப்பியைத் திரும்பப் போட்டு அரையுங்கள். அடி கனமான சட்டியில் சிறு தீயில் வறுங்கள். மாவை எடுத்துக் கோலம் போட்டால் இழை அறுபடாமல் விழுகிற பதத்தில் இறக்கிவிடலாம். ஆறியபின் டப்பாவில் அடைத்தால் பதினைந்து நாள் தாங்கும். ஜார் நன்றாகச் சூடாகும், நடுவில் ஓய்வு கொடுங்கள். எங்கள் பழைய மிக்ஸியின் மோட்டார் இதில்தான் போனது.

சல்லடை புதிதாக இருக்க வேண்டும். சப்பாத்தி மாவு சலித்த சல்லடையின் கண்ணில் மாவு போகவே போகாது. பூரிக்கட்டை, மரக்கரண்டி, சப்பாத்தி சுட்ட தோசைக்கல் மூன்றும் அப்படித்தான். எவர்சில்வர் பாத்திரத்தில் பயம் இல்லை, நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். கோதுமைக்கு ஒரு அலமாரி, இதற்கு ஒரு அலமாரி என்று முதலில் பிரித்து வைத்துப் பார்த்தோம். மைதா பொட்டலத்தைப் பிரிக்கும்போது எழுகிற தூள் எந்த அலமாரி என்று பார்த்து உட்காருவதில்லை. கடைசியில் கோதுமையை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை என்று முடிவானது. ரேஷனில் அரிசி வாங்கும்போதும், கோதுமை அள்ளிய கொட்டானாலேயே அதையும் அள்ளுவார்கள் என்பதால் பொறுக்கி, மூன்று தண்ணீர் கழுவித்தான் உலையில் போடுகிறேன். பருப்பையும் தாம்பாளத்தில் பரப்பிப் பார்த்துவிடுங்கள், இரண்டொரு கோதுமை மணி அகப்படும்.

பாக்கெட் எதுவானாலும் பின்பக்கம் படிக்க வேண்டும். வீட், பார்லி, மால்ட், செமோலினா, இவற்றில் ஒன்று இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். கார்ன்ஃப்ளேக்ஸ் சோளம்தானே என்று எடுத்தால் அதில் மால்ட் இருக்கும். சோயா சாஸில் கோதுமை இருக்கும். ஓட்ஸ் தன்னளவில் பெரும்பாலானவர்களுக்குக் குற்றமில்லை. கோதுமையோடு ஒரே ஆலையில் கலந்துவிடுவதால், குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட பாக்கெட் தவிர வேறு வேண்டாம். கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை எல்லாம் தாராளமாகச் சேர்க்கலாம். திருநெல்வேலிச் சொந்தக்காரர்கள் வரும்போது அல்வா வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அது சம்பா கோதுமைப் பாலில் கிண்டுவது. சொல்லாமல் விட்டால் பிள்ளை முன்னால் பொட்டலத்தைப் பிரித்துவிடுவார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் போனால் இன்னும் சுலபம் என்று நினைப்போம். புட்டு, இடியாப்பம், மரச்சீனிக் கிழங்கு, ஏத்தங்காய் வறுவல். பாதி உண்மை. ஆப்பத்துக்கு மாவு புளிக்கக் கப்பி என்ற கஞ்சி காய்ச்சி ஊற்றுவார்களே, அதைச் சிலர் அரிசிக் குருணையில் காய்ச்சுவார்கள், சிலர் நம்முடைய உப்புமா ரவையில் காய்ச்சுவார்கள். “அரிசி ஆப்பம்தானே?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். “கப்பி எதில் காய்ச்சினீர்கள்?” என்று கேளுங்கள். பாக்கெட் புட்டுப்பொடியிலும் பின்பக்கம் பார்க்க வேண்டும், அதே கம்பெனி கோதுமைப் புட்டுப்பொடியும் அரைக்கலாம். விருந்தில் பிரதமன் என்ற பாயசம் இருந்தால் என்ன பிரதமன் என்று விசாரியுங்கள். கோதுமை நொறுக்கில் செய்வதும் உண்டு.

புனலூரில் இருக்கும் என் தங்கையின் மகனுக்கு நிலக்கடலை ஆகாது. இது சரியான அலர்ஜி. உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ, கைவைத்தியம் எதுவும் பார்க்காமல் டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். அவன் லீவுக்கு வரும் நாட்களில் கடலை மிட்டாய், கடலைச் சட்னி, செக்குக் கடலை எண்ணெய் எதுவும் வீட்டில் இருக்காது. செக்கில் ஆட்டிய எண்ணெயில் கடலையின் புரதம் தங்கும். வறுத்தாலும் காய்ச்சினாலும் அது போகாது. இரண்டு பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார வேண்டுமானால் தேங்காய் எண்ணெய், தேங்காய், அரிசி மூன்றையும் நம்பிச் சமைத்துவிடுங்கள். பொரிகடலை என் மருமகனுக்கு ஒத்துக்கொள்ளும். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி இருக்காது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பரோட்டா. மகளுக்கு எட்டு வயதானபோது அழுகை ஆரம்பித்தது. பார்டரில் மாஸ்டர் மாவை வீசும்போது கண்ணாடி மாதிரி விரிகிறதே, அந்த இழுவையே குளூட்டன்தான். அரிசி மாவை எவ்வளவு அடித்தாலும் அது வராது. ஆகவே பரோட்டாவைப் போலச் செய்கிற முயற்சியை விட்டுவிட்டு, தங்கை வீட்டில் கற்றுக்கொண்ட பத்திரி என்ற அரிசி ரொட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

மேலே சொன்ன வறுத்த மாவு இரண்டு கப். தண்ணீர் இரண்டேகால் கப், உப்பு, தேங்காய் எண்ணெய் ஒரு டீஸ்பூன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது தீயைக் குறைத்து மாவைக் கொட்டி, கரண்டிக் காம்பால் கிளறி, அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். சூடு ஆறும் முன் பிசைய வேண்டும். பக்கத்தில் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர், அதில் கையை நனைத்து நனைத்து, உள்ளங்கையின் அடியால் அழுத்தி, விரிசல் இல்லாமல் வழவழவென்று வரும்வரை. ஆறவிட்டுப் பிசைந்தால் ஓரம் வெடிக்கும். மாவு உதிர்ந்தால் வாசனை சேர்க்காத இசப்கோல் உமி ஒரு டீஸ்பூன் சேருங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும், பிடிப்புக் கொடுக்கும். எலுமிச்சை அளவு உருட்டி, அரிசி மாவு தூவி, காகிதம் போலத் தேய்த்து, காய்ந்த கல்லில் போடுங்கள். சிறு கொப்புளம் தெரிந்ததும் திருப்பி, துணியால் ஓரத்தை அழுத்தினால் பூரி மாதிரி எழும்பும். சிவக்கக் கூடாது. எடுத்ததும் கெட்டித் தேங்காய்ப் பாலில் ஒரு முக்கு.

சால்னாவுக்குத் தேங்காய், சோம்பு, கசகசா, இரண்டு ஸ்பூன் பொரிகடலை அரைத்து ஊற்றுகிறேன். முந்திரி போடுவதில்லை. நாட்டுக்கோழி என்றால் தேங்காய் எண்ணெயில் மிளகு தட்டிப் போட்டு வறுத்தது. முதல் தடவை சுட்டு வைத்தபோது மகள் ஒன்றைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, “இது பரோட்டா இல்லப்பா” என்றாள். ஆறு சாப்பிட்டாள். மிச்சம் இருந்தால் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். காலையில் இட்லிக் கொப்பரையில் இரண்டு நிமிடம் ஆவி காட்டி, கருப்பட்டிப் பாகு ஊற்றிப் பள்ளிக்கூட டப்பாவில் வைத்துவிடலாம்.