சாயத் தண்ணீரைத் தெளிய வைக்கும் கரி மணிகள்: செய்து பார்ப்போமா?

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனைக்குப் பக்கத்தில் உள்ள நெசவு ஊரான மருதமுனையில் சாரத்துக்கும் சேலைக்கும் நூல் சாயம் போட்ட பிறகு மிஞ்சும் தண்ணீரை எங்கே ஊற்றுவது? கல்முனைக் கரையோரம் முழுக்க மணல். மேலே ஊற்றியது கிணற்றுக்கு இறங்க அதிக நேரம் எடுக்காது. அதனால்தான் இந்தச் சின்னச் சோதனையை நெசவு வீட்டுப் பிள்ளைகள் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இரண்டு பொருள்களைச் சேர்க்கப் போகிறோம். சிரட்டைக் கரியின் நுண்துளைகள் சாயத்தைப் பிடித்து வைக்கும். இறால் கோதிலிருந்து எடுக்கும் கைட்டோசான் அந்தக் கரித்தூளை மணியாகக் கட்டும், தானும் சாயத்தை இழுக்கும்.

1. சிரட்டைக் கரியை இடித்து, மெல்லிய துணியில் சலித்து, கழுவிக் காய வையுங்கள்.

2. 40 மில்லிலீட்டர் வினாகிரியில் 60 மில்லிலீட்டர் தண்ணீர் சேர்த்து, 2 கிராம் கைட்டோசான் தூளைப் போட்டுக் கலக்குங்கள். இரவு முழுக்க விட்டால் கஞ்சி போல் ஆகும். அதில் 2 கிராம் கரித்தூள் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்குங்கள்.

3. பிளாஸ்டிக் பாத்திரத்தில் 300 மில்லிலீட்டர் தண்ணீர் எடுத்து, 12 கிராம் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

4. ஊசி கழற்றிய சிரிஞ்சால் கரிக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக அதில் விடுங்கள். விழுந்த உடனே ஓரம் இறுகி, மிளகு போலக் கறுப்பு மணியாய் அடியில் போய் இருக்கும். இரண்டு மணி நேரம் விட்டு வடித்து, கழுவிய தண்ணீரில் சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாவது நிற்கும் வரை கழுவுங்கள்.

இப்போது முக்கியமான கட்டம். முதல் முறை நான் சாயத் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். நிறம் அசையவே இல்லை. காரணம், ரியாக்டிவ் சாயம் (நூலோடு வேதியியலாகப் பிணையும் சாயம்) போடும்போது சேர்க்கும் சலவைச் சோடா; அது தண்ணீரைக் காரமாக்கும். கைட்டோசானின் நேர் மின்னேற்றம்தான் எதிர் மின்னேற்றம் கொண்ட சாயத்தை இழுக்கிறது. காரம் கூடினால் அந்த நேர் மின்னேற்றம் போய்விடும். ஆகவே, பிஎச் தாளை (அமிலமா காரமா என்று எண்ணால் காட்டும் தாள்) வைத்துப் பார்த்துக்கொண்டே வினாகிரியைத் துளித் துளியாக விட்டு 6க்கும் 7க்கும் இடையில் கொண்டுவாருங்கள். அதற்குக் கீழே போனால் மணிகளே கரைந்து வழுவழுப்பாகிவிடும்.

இரண்டு போத்தல்களில் ஒரே சாயத் தண்ணீர். ஒன்றில் மட்டும் இரண்டு மேசைக்கரண்டி மணிகள். அடிக்கடி குலுக்கி, சில மணி நேரத்துக்குப் பிறகு வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள்.

சரி, கிருமிகள்? கைட்டோசான் பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைக்கும், ஆனால் அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். ஆய்வாளர்கள் இதனோடு வெள்ளியோ துத்தநாக ஆக்சைடோ சேர்ப்பது அதற்காகத்தான். தண்ணீர் தெளிந்துவிட்டது என்று குடிக்காதீர்கள், செடிக்கும் ஊற்ற வேண்டாம்.

பாவித்த மணிகளில் சாயம் அப்படியே இருக்கிறது. வாவியிலோ கிணற்றடியிலோ போடாமல், உலர்த்தி மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வையுங்கள்.