போர்க்காலத்தில் வாழ்ந்த மூத்தவரிடம் சுதந்திரத்தைப் பற்றிக் கேட்டு எழுதும் முறை

யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ போருக்குள் வாழ்ந்த அம்மம்மாவிடம் எடுத்த எடுப்பிலேயே "சுதந்திரம் என்றால் என்ன?" என்று கேட்டால், மேடைகளில் கேட்ட சொற்களே பதிலாக வரும். அந்தச் சொல்லை ஒதுக்கிவைத்துவிட்டு, போன வழிகளைப் பற்றிக் கேளுங்கள். கொழும்புக்கு எப்படிப் போனீர்கள், யாரிடம் பாஸ் (பயண அனுமதிச் சீட்டு) எடுத்தீர்கள், யார் உங்களுக்குப் பிணை நின்றார்கள்?

பேச உட்காருமுன் சில காலக்குறிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 1990 ஜூனில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது, 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ் குடாநாட்டின் வலிகாமம் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள், 2002இல் யாழ்ப்பாணத்தை வன்னி வழியாகத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது, 2006 ஓகஸ்டில் மறுபடி பூட்டப்பட்டது, 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. ஆண்டைக் கேட்டால் தடுமாறுபவர்களும் "பாதை பூட்டினதுக்கு முதலோ, பிறகோ?" என்றால் உடனே சொல்லிவிடுவார்கள்.

அடுத்து பொருட்களைப் பற்றிக் கேளுங்கள். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அருமையாகிவிட்ட நாட்களில், ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவு மட்டும் எண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் பிள்ளைகள் படித்தார்கள். பற்றரி கிடைக்காததால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். யார் சுற்றினார்கள், யார் கேட்டார்கள், செய்தி முடிந்ததும் வீட்டில் என்ன பேசினார்கள் என்பதுவரை விடாமல் கேளுங்கள். வெளியுலகத்தை அறிந்துகொள்ளும் உரிமைக்காக ஒரு வீடு எவ்வளவு பாடுபட்டது என்பது அந்தப் பேச்சில்தான் வெளிப்படும்.

பாஸ் கதையைப் பதிவுசெய்யும்போது மிகுந்த கவனம் தேவை. பலர் தமக்கு உவப்பான பாதியை மட்டும் எழுதிவிடுவது எனக்கு இன்றும் வேதனை தருகிறது. 1990களின் முற்பகுதியில் குடாநாட்டைவிட்டு வெளியேற விடுதலைப் புலிகளின் பாஸ் வேண்டியிருந்தது. 2006இல் பாதை பூட்டப்பட்ட பின் அதே குடாநாட்டிலிருந்து கப்பலிலோ விமானத்திலோ செல்ல இராணுவத்தின் அனுமதி வேண்டியிருந்தது. இரு காலங்களிலும் ஒரே பெண்தான் வரிசையில் நின்றிருக்கிறார். இரண்டையும் அவர் சொன்ன சொற்களிலேயே, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்காமல் எழுதுங்கள்.

வன்னியிலிருந்து வந்தவரானால் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்திருக்கக்கூடும். 2009 டிசம்பர்வரை அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் விரும்பியபடி வெளியே போய்வர முடியவில்லை. முட்கம்பிக்குள் பட்டதை மட்டும் கேட்டு நிறுத்தாமல், வெளியே வந்த முதல் நாளில் எங்கே போனார், என்ன வாங்கினார், யாரைப் பார்த்தார் என்றும் கேளுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைப் பற்றியோ, கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளையைப் பற்றியோ பேச்சு வந்தால் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, தொடரலாமா என்று அனுமதி கேளுங்கள். அவர் மௌனமானால் நீங்களும் மௌனமாக இருங்கள். எழுதி முடித்ததும் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பெயரை மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். ஒரு பக்கத்தையே எடுத்துவிடச் சொன்னால், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.