சாட்சியம் சொல்ல மேடை ஏறுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன தவக்காலத்தில் ஐந்து கோவில்களில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கடவுள் தங்கள் வாழ்வில் செய்ததை எடுத்துச் சொல்ல, அதாவது சாட்சியம் சொல்ல, புதிதாக வந்த இளையவர்களைக் கேட்டேன். எங்கள் வட்டாரத்தில் அவர்களைத் தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. எனக்கு இருபத்தாறு வயதில், ஈஸ்டருக்கு முந்தின இரவான பாஸ்கா திருவிழிப்பு அன்று ஞானஸ்நானம் ஆயிற்று. புற்றுநோய் முற்றியவர்களைச் சிஸ்டர்கள் வைத்துப் பராமரிக்கும் ஓர் இல்லத்தில் வாரம் மூன்று நாள் வேலை செய்கிறேன். அதனால் மனமாற்றம், சேவை என்று எந்தத் தலைப்பில் தியானம் நடந்தாலும் பதினெட்டு வருடமாக என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளை இந்தப் பிள்ளைகள் வரி மாறாமல் செய்வதைக் கேட்டபோது மனசு கேட்கவில்லை.

மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிப்பது, நேரத்தைத் தாண்டுவது, தாளைப் பார்த்தே வாசிப்பது எல்லாம் இரண்டாவது கூட்டத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிரசங்கத்தின் இடத்தில் நிற்பது

ஞாயிறு பூசையில் நற்செய்தி முடிந்ததும் "இன்று பிரசங்கத்துக்குப் பதில் ஒரு சாட்சியம்" என்று உங்களை அழைத்தால் பணிவாக மறுத்துவிடுங்கள். திருப்பலியில் மறையுரை குருவுக்கும் திருத்தொண்டருக்கும் மட்டுமே உரியது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 767-ஆவது விதி. பொதுநிலையினர் சாட்சியம் பகர்வதைப் பூசைக்கு வெளியே வைப்பதே நல்லது, தக்க காரணம் இருந்தால் நற்கருணைக்குப் பின் வரும் மன்றாட்டு முடிந்ததும் பேசலாம் என்று 2004-இல் ரோமையிலிருந்து வந்த வழிகாட்டலும் சொல்கிறது.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் நின்றால் நம் குரல் மாறிவிடுகிறது. "நான் இப்படி இருந்தேன்" என்று ஆரம்பித்தவர் ஐந்தாவது நிமிடத்தில் "நீங்கள் யாரும் இப்படி இருக்கக் கூடாது" என்பதில் வந்து நிற்கிறார். கேட்கிறவர்கள் அதற்குள் மனசைச் சாத்திக்கொண்டிருப்பார்கள்.

பழைய வாழ்க்கைக்குக் கரி பூசுவது

முதல் கோவிலில் "எப்போதாவது குடிப்பேன்" என்ற பையன், மூன்றாவது கோவிலில் "குடிக்கு அடிமையாகக் கிடந்தேன்" என்றான். அவன் பொய்யன் இல்லை. அந்த இடத்தில் ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை முதல் தடவையே பார்த்துவிட்டான், அவ்வளவுதான். இருள் கூடக் கூட வெளிச்சம் பெரிதாகத் தெரியும் என்று நமக்கு ஒரு நினைப்பு.

புனித அகுஸ்தீனைப் பாருங்கள். தன் பாவங்களை அவரைப் போலத் திறந்து எழுதியவர்கள் குறைவு. ஆனால் அவர் அதிகம் நின்று யோசிப்பது எங்கே? பதினாறு வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடியதில். பசிக்குக்கூடத் திருடவில்லை, பெரும்பாலானதைப் பன்றிகளுக்குப் போட்டோம் என்கிறார். சின்ன விஷயம்தான். சின்னதாகவே சொல்லி, ஏன் செய்தேன் என்று உள்ளே தோண்டிக்கொண்டு போகிறார். 387-இல் மிலானில் புனித அம்புரோசின் கையால் ஞானஸ்நானம் பெற்றவர், இதை எழுதியது ஏறக்குறைய பத்து வருடம் கழித்து. பவுலும் தமஸ்கு வழியில் விழுந்தெழுந்து, மூன்று வருடத்துக்குப் பிறகுதான் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவைப் பார்த்ததாகக் கலாத்தியர் முதல் அதிகாரத்தில் சொல்கிறார். நம் பங்குகளில் தலையில் ஊற்றிய தண்ணீர் காய்வதற்குள் மைக்கைக் கையில் கொடுத்துவிடுகிறோம். கொடுத்தாலும், ஒரு வருடம் பொறுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

விட்டு வந்த வீட்டைத் தூற்றுவது

என் அம்மா இன்றும் காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைப்பார். எனக்கு ஒருசந்தி இருக்கச் சொல்லிக் கொடுத்தது திருச்சபை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்தால், சிறுவயதில் அம்மாவின் வெள்ளிக்கிழமை விரதத்தில் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்த பழக்கம் அது. அந்த வீட்டை "இருள்" என்று மேடையில் சொல்ல எனக்கு வாய் வராது. மற்ற சமயங்களில் உண்மையும் புனிதமுமாய் உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965-இலேயே உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்துவிட்டது.

புனித தேவசகாயத்தின் வரலாற்றைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். சங்கிலி, எருமைமேல் ஊர்வலம், 1752-இல் காற்றாடிமலையில் துப்பாக்கிச் சூடு என்று வேதனைப் பகுதிதான் எப்போதும் வருகிறது. அதற்கு முன் நீலகண்டன் என்ற பேரில் அரண்மனை அலுவலராக இருந்த அவர் எப்படி மனம் மாறினார் என்பதை யாரும் நிதானமாகச் சொல்வதில்லை. குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்பு வந்து அவர் சோர்ந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைச் சொன்னார். டிலனாய் யார்? 1741-இல் குளச்சல் போரில் தோற்று, தன்னைத் தோற்கடித்த திருவிதாங்கூருக்கே படை பழக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த டச்சுப் படை அதிகாரி. இழப்பு என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும். உன் சாமி, என் சாமி என்ற வாதத்தில் அது தொடங்கவில்லை. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். 2022 மே 15-இல் புனிதர் பட்டம். மனமாற்றம் பற்றிப் பேசப் போகிற பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் காட்சி, அந்த இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியதுதான்.

அடுத்தவர் காயத்தை நம் சாட்சியமாக்குவது

இதுதான் எனக்கு இன்றும் ஆறாதது. ஐந்து கோவில்களில் மூன்றில் இதைக் கேட்டேன். மூன்று பேரையும் தனியே அழைத்துச் சொன்னேன். மூன்று பேரும் ஒரே பதில்: "பேர் சொல்லலியே அக்கா."

நானும் பேர் சொல்லவில்லை. அப்போது எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி இருந்தார். வாயில் புற்று, கன்னம் வரை வந்துவிட்டது. காயத்தின் நாற்றம் தாங்காமல் பக்கத்துக் கட்டில்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மெட்ரோனிடசோல் மாத்திரையை அம்மிக்குழவியின் நுனியால் நுணுக்கி, அந்தப் பொடியைக் காயத்தில் தூவிக் கட்டுவோம். இரண்டு மூன்று நாளில் நாற்றம் குறையும். கட்டு மாற்றி முடித்ததும் அவருக்குத் தலை வாரிவிடுவேன். எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, சின்னதாகக் கொண்டை போட வேண்டும். கொண்டை கொஞ்சம் தளர்ந்தாலும் மறுபடி போடச் சொல்வார்.

அந்த வருடம் ஒரு பங்குத் திருவிழாவின் ஒன்பது நாள் செபமான நவநாளில் சேவை பற்றிப் பேசினேன். பேர் இல்லை, ஊர் இல்லை. முறுக்கு சுட்டு விற்று மூன்று பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு தாய், இன்று வாயில் புழு வைத்துக் கிடக்கிறார், பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதில்லை, நாங்கள்தான் அவருக்குப் பிள்ளைகள் என்றேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது. நன்றாகப் பேசினாய் என்று பத்துப் பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பாட்டியின் மூத்த மருமகளுக்கு அதுதான் பிறந்த ஊர். முறுக்குக்காரி, மூன்று பிள்ளை, வாயில் புற்று. இதற்கு மேல் பேர் எதற்கு? அன்று ராத்திரியே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாதம் ஒரு தடவை வெற்றிலைபாக்கு வாங்கி வந்து, சாப்பிட முடியாத அம்மாவின் மூக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வாசம் காட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார் அந்த மூத்த மகன். அதன்பிறகு வரவில்லை. அவருடைய மனைவிக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது என்பதும், அம்மாவை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் அதுதான் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்தவர் கதையில் நமக்குத் தெரிவது எப்போதும் பாதிதான். நான் சொன்ன பாதியிலும் "எட்டிப் பார்ப்பதில்லை" என்பது பொய். கண்ணீரை வரவழைக்க நான் சேர்த்தது.

அடுத்த வாரம் சீப்பை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனேன். பாட்டிக்குப் பேச்சு குழறும். நிறுத்தி நிறுத்திக் கேட்டார்: "ஏன் கண்ணு, எம் புள்ளைய ஊருக்குக் காட்டிக் குடுத்த?"

அவர் கிறிஸ்தவர் இல்லை. யூதாசைப் பற்றி நற்செய்தியில் வரும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அன்றைக்குத் தலை வார ஒரு சிஸ்டரைக் கூப்பிடச் சொன்னார். கடைசி வரை என்னிடம் தலையைக் கொடுக்கவில்லை.

பாட்டி இறந்த பிறகு அந்த மகனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். இதை எழுதும் முன்பும் அவரிடம் காட்டினேன். இரண்டு விவரங்களை மாற்றச் சொன்னார், மாற்றியிருக்கிறேன்.

"அனுமதி வாங்கிட்டேன் அக்கா" என்று அந்த மூவரில் ஒருத்தி சொன்னாள். யாரிடம் வாங்கினாய்? நீ கஞ்சி ஊட்டுகிறவரிடம், உன் கையால் கட்டு மாற்றிக்கொள்கிறவரிடம். அவர் எப்படி மாட்டேன் என்பார்? நாளைக்கு அந்தக் கை வராமல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருக்காதா? நம்மை நம்பிப் படுத்திருக்கிறவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செல்போனில் படம் எடுத்துத் திரையில் காட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முகத்தை மறைத்திருக்கிறேன் என்கிறார்கள். பெற்ற பிள்ளைக்குத் தாயின் கை தெரியாதா?

வீட்டு ஆட்களுக்கும் இது பொருந்தும். "என் கணவர் குடிகாரராக இருந்தார், செபத்தால் திருந்தினார்" என்று ஒரு பெண் சொல்லும்போது, அவர் பிள்ளை மறைக்கல்வி வகுப்பில் அடுத்த ஞாயிறு யாரோடு உட்காரும் என்று யாரும் நினைப்பதில்லை. ஏழைகளுக்குச் செய்த உதவியைச் சொல்லிவிட்டு, அதனால் இத்தனை பேர் மனம் மாறினார்கள் என்று கணக்குச் சொல்வதும் இதே ரகம்தான். ஏழைகளிடமும் படிக்காதவர்களிடமும் விசுவாசத்தைப் பரப்பும்போது வற்புறுத்தலின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று அதே வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையில் எச்சரிக்கிறது.

அப்படியானால் சேவை பற்றி என்னதான் பேசுவது? உங்களுக்கு நடந்ததைப் பேசுங்கள். முதல் நாள் அந்தக் காயத்தைப் பார்த்துவிட்டு நான் வெளியே ஓடி வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தேன். உள்ளே திரும்பிப் போகக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரத்தில் எனக்குள் நடந்ததைச் சொல்ல யாரிடமும் அனுமதி வேண்டாம். கிணற்றடியில் இயேசுவிடம் பேசிய சமாரியப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஓடிப்போய், நான் செய்ததையெல்லாம் சொன்ன ஒருவரை வந்து பாருங்கள் என்கிறாள். ஐந்து கணவர்களைப் பற்றி அவள் ஊராரிடம் ஒரு வார்த்தை பேசியதாக யோவான் எழுதவில்லை.

பேசுவதற்கு முன் தாளில் இருக்கும் ஒவ்வொரு ஆளையும் முதல் பெஞ்சில் உட்கார வைத்துப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வரியைச் சொல்ல முடியாது என்றால், அந்த வரியை அடித்துவிடுங்கள்.

மாத்திரை

"செபித்தேன், மாத்திரையை நிறுத்தினேன்" என்று சொல்லாதீர்கள். கேட்கிறவர்களில் ஒருவர் அன்றைக்கு ராத்திரியே நிறுத்துவார்.

உண்டியல்

சாட்சியம் சொன்ன நாளில் நன்கொடை கேட்காதீர்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதர் சொன்னது

நீங்கள் சொன்னதை நீங்கள் வெளியே சொல்லலாம். அவர் உங்களுக்குச் சொன்னதை மேற்கோள் காட்டாதீர்கள். நீங்கள் தப்பாகச் சொன்னாலும், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே விடக் கூடாது என்ற முத்திரையால் கட்டுப்பட்டவர் வாய் திறந்து மறுக்க முடியாது.

எல்லா ஊருக்கும் ஒரே பேச்சு

பவுலின் மனமாற்றம் திருத்தூதர் பணிகளில் மூன்று தடவை வருகிறது: 9, 22, 26-ஆம் அதிகாரங்களில். எருசலேமில் யூதக் கூட்டத்தின் முன் பேசும்போது யூதச் சட்ட ஆசிரியர் கமாலியேலிடம் படித்ததைச் சொல்லி ஆரம்பிக்கிறார், தமஸ்குவில் தன்னைத் தேடி வந்த அனனியா திருச்சட்டப்படி நடந்த பக்தர் என்று எடுத்துச் சொல்கிறார். அகிரிப்பா அரசன் முன் அனனியாவின் பேச்சே இல்லை. வெளிச்சமும் குரலும் இரண்டு இடத்திலும் உண்டு. மீனவர் குடியிருப்பிலும் கல்லூரி விடுதியிலும் நீங்கள் ஒரே தாளை நீட்டினால், ஒரு இடத்தில் யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம். முன்தினமே போய், பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அந்த ஊர் எதைப் பற்றிக் கவலைப்படுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பேசி முடித்ததும் வண்டியில் ஏறுவது

பொன்னாடை, காப்பி, வண்டி என்று பத்து நிமிடத்தில் கிளம்பிவிடாதீர்கள். அரை மணி நேரம் கோவில் வாசலில் நில்லுங்கள். கூட்டம் கலைந்த பிறகு, செருப்பைத் தேடுகிற மாதிரி ஒருவர் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் பூசைக்கு வருகிற வழக்கமில்லாதவராக இருப்பார். கிட்டப் போனால் பேசுவார். போன மாதம் ஒரு பெரியவர் இருபது நிமிடம் பேசினார். வீட்டுக்கு வந்ததும் வழக்கப்படி நோட்டை எடுத்தேன், தேதியை மட்டும் எழுதி மூடி வைத்தேன்.