கடலோரத்தில் நாடித்துடிப்புக் கருவி செய்கிறீர்களா?

பாம்பனில் அம்மாவுக்காக ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டும் விரலை வைத்து அளக்கும் மேக்ஸ்30102 சென்சாரும் வைத்து, நாடித்துடிப்பும் ஆக்சிஜன் அளவும் காட்டும் சின்னக் கருவி ஒன்று செய்தேன். கச்சான் காற்று பிடித்த மூன்றே வாரத்தில் திரையில் எண் நின்றுபோனது. இரண்டு நாள் கோடிங்கைத்தான் குடைந்தேன். கடைசியில் பார்த்தால், இரண்டையும் இணைக்கும் ஜம்பர் வயர் செருகும் பின்களில் பச்சைக் களிம்பு! உப்புக்காற்றின் வேலை.

அதனால் நம்ம பக்கம் ஜம்பர் வயரை நம்பாதீர்கள். சோதனை முடிந்ததும் வயர்களை நேராக சால்டர் செய்துவிடுங்கள், அதாவது ஈயம் உருக்கிப் பற்றவைத்துவிடுங்கள். சால்டர் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் ஃபிளக்ஸின் பிசுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த பிறகு சால்டர் வைத்த இடங்களில் மட்டும் நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவலாம். சென்சாரின் கண்ணாடி மேல் பட்டுவிடக் கூடாது.

அந்தச் சென்சார் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, திரும்பி வருவதை அளக்கிறது. திண்ணை வெயிலில் வைத்தால் எண் தாறுமாறாக ஓடும். மேலே கறுப்புத்துணி போர்த்துங்கள். விரலை அழுத்தினால் ரத்தம் ஒதுங்கித் துடிப்பே தெரியாது. அம்மா தேங்காய்க் கண்ணை அமுக்கிப் பார்ப்பதுபோல் அமுக்குவார்! லேசான ஸ்பிரிங் கிளிப் போட்ட பிறகுதான் சரியானது. மருதாணி விரலும் வேண்டாம்.

பின்னால் ஈசிஜிக்கு ஏடி8232 என்ற சிப் போர்டைச் சேர்த்தால், அதன் ஒட்டுப்பட்டை உடம்பில் இருக்கும்போது பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள், சார்ஜரிலோ கரண்டில் செருகிய லேப்டாப்பிலோ இணைக்காதீர்கள். மாத்திரை அளவை மட்டும் இந்த எண்ணைப் பார்த்து மாற்றிவிடாதீர்கள், அதற்கு டாக்டர்தான்.