முன்பல் தேய்ந்தது ஏன் என்று பார்க்காமல் வெனியர் ஒட்டாதீர்கள்

என் அக்கா திருகோணமலை உப்புவெளியில் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறார். இருபது வருடமாக நூலைப் பல்லால் கடித்து அறுத்துத்தான் பழக்கம். மேல் முன்பல் இரண்டின் நுனியும் அரம் போட்டது போலக் குறுகிவிட்டன. ஒன்றில் மூலையும் உடைந்திருந்தது. மகளின் கல்யாணத்துக்கு முன்பு அந்த இரண்டு பல்லுக்கும் பல் நிறக் கலவையால் ஆன மெல்லிய ஓடு, அதாவது கொம்போசிட் வெனியர் செய்துகொண்டார். வடிவாகத்தான் இருந்தது. எட்டாவது மாதம் அதே மூலை, அதே சாய்வில் உடைந்து கையில் வந்தது.

வேறோர் இடத்துக்குப் போனோம். அந்தப் பல் வைத்தியர் உடனே ஒட்டத் தொடங்கவில்லை. கீழ்த்தாடையை மெதுவாக இடப்பக்கம் நகர்த்தச் சொன்னார். கீழ்ப்பல்லின் நுனி, உடைந்த மூலையில் அளவெடுத்தது போலப் போய் உட்கார்ந்தது. “ராத்திரியில பல்லு நெருமுவீங்களோ அம்மா?” என்று கேட்டார். அக்கா இல்லை என்றார். பக்கத்தில் நின்ற அத்தான் “ஓம் டொக்டர், நல்லா நெருமுவா” என்றார்.

அந்தக் கேள்வியை முதல் தடவையே யாராவது கேட்டிருந்தால் காசும் மிச்சம், பல்லும் மிச்சம். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

காரணத்தைத் தேடாமல் ஒட்டுவது

வெனியர் என்பது பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு. பல்லைத் தேய்த்த காரணம் வாயிலேயே இருந்தால், அது அடுத்ததாக இந்த ஓட்டைத் தேய்க்கும், இல்லாவிட்டால் உடைக்கும். ஆகவே கண்ணாடி முன் நின்று முதலில் உங்கள் பல்லையே பாருங்கள். மேல், கீழ்ப் பற்களின் நுனி தட்டையாகி, ஒன்றோடொன்று பொருந்துகிறதா? காலையில் எழும்போது தாடை களைத்துப்போய் இருக்கிறதா? அப்படியானால் பல் நெருமும் பழக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். நெருமுகிறவருக்குப் பெரும்பாலும் அது தெரியாது. பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள்.

நுனி கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்தாலோ, பல்லின் மேற்பரப்பு மழமழவென்று பள்ளம் விழுந்திருந்தாலோ அது புளிப்பின் வேலை. பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலைச் சுற்றியுள்ள பி.எச். அளவு (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். கோலாவும் தேசிக்காய்ச் சாறும் 3க்கும் கீழே. திருமலை வெயிலுக்கு நாளுக்கு இரண்டு மூன்று தேசிக்காய்த் தண்ணி குடிப்பவர்கள் எத்தனை பேர்! குடிப்பது தவறில்லை, மேசையில் வைத்து ஒரு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டே இருப்பதுதான் கெடுதல். ஒரே மூச்சில் குடித்து, தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்க வேண்டாம், அரை மணி நேரமாவது பொறுங்கள். மேல் முன்பல்லின் உட்பக்கம் மட்டும் கரைந்திருந்தால் வயிற்று அமிலம் மேலே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். நெஞ்செரிப்பு இருப்பதைப் பல் வைத்தியரிடம் சொல்ல வேண்டுமென்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

கடைவாய்ப் பல் இல்லாமல் முன்பல்லை மட்டும் சரிசெய்வது

நம் ஊரில் நான் அதிகம் காண்பது இதைத்தான். சூத்தை விழுந்த கடைவாய்ப் பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடுகிறோம். சிரித்தால் தெரியாத இடம்தானே என்று விட்டுவிடுகிறோம். அப்புறம் சோறு முதல் நண்டுக் கால் வரை முன்பல்லே மெல்லுகிறது. முன்பல் வெட்டுவதற்கு உள்ளது, அரைப்பதற்கு அல்ல. பின்பக்கம் தாங்கல் இல்லாத வாயில் எவ்வளவு விலை கொடுத்து வெனியர் போட்டாலும் சுமை முழுவதும் அதன் மேல்தான். முதலில் பின்பல்லுக்கு ஒரு வழி செய்யுங்கள், கழற்றிப் போடும் பல்செட் என்றாலும் பரவாயில்லை.

முரசில் (ஈறில்) இரத்தம் வடிகிற வாயிலும் அவசரப்படக் கூடாது. ஒட்டும் இடம் ஈரமில்லாமல் இருந்தால்தான் பசை பிடிக்கும். பல் சுத்தம் செய்து, முரசு ஆறிய பிறகே அடுத்த வேலை.

லீவு முடிவதற்குள் முடித்துவிடுவது

ஆகஸ்டில் வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்கள் மூன்று கிழமைக்குள் எட்டுப் பல்லையும் மாற்றிக்கொண்டு போக நினைக்கிறார்கள். இதில்தான் திரும்பப் பெற முடியாத இழப்பு நடக்கிறது. பீங்கான் வெனியருக்காகப் பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை எனாமலைச் சீவுவார்கள். முன்பல்லின் முகத்தில் இருக்கும் எனாமலே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான், முரசுப் பக்கம் அதைவிட மெல்லியது. சீவிய எனாமல் மறுபடி வளராது. வெனியர் இறுகப் பிடிப்பதும் எனாமலில்தான். ஆழமாகச் சீவி உள்ளே இருக்கும் மஞ்சள் நிறப் பகுதியைத் தொட்டுவிட்டால் பிடிப்பும் குறையும், பல்லும் கூசும்.

நல்ல பல்லைச் சீவச் சம்மதிக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். சீவாமலே கொம்போசிட் சேர்த்துக் கட்ட முடியுமா? செய்யப்போகும் வடிவத்தை மெழுகில் வார்த்து, வாயில் தற்காலிகமாகப் போட்டுக் காட்ட முடியுமா? அதைப் போட்டுக்கொண்டு கதைத்துப் பாருங்கள், “வாழைப்பழம்” என்று சொல்லிப் பாருங்கள், வீட்டாரிடம் காட்டுங்கள். பல் அதிகம் உடைந்திருந்தால் வெனியர் தாங்காது, பல் முழுவதையும் மூடும் கிரவுன்தான் வேண்டும். முழு வாயும் தேய்ந்தவர்களுக்குக் கடியின் உயரத்தையே மாற்ற வேண்டி வரலாம். அது விசேஷ நிபுணரின் வேலை. அப்படியானவர்கள் பேராதனை பல் போதனா வைத்தியசாலை வரை போவதும் வீண் அலைச்சல் இல்லை. யாரிடம் போனாலும் அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

பல்லை வெளுக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் செய்யுங்கள். ஒட்டிய வெனியர் எந்த வெளுப்பு மருந்துக்கும் நிறம் மாறாது. வெளுத்த பிறகு ஏறக்குறைய இரண்டு கிழமை விட்டுத்தான் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிடிப்பு பலவீனமாகும்.

ஒட்டிய பிறகு பழைய வாயாகவே இருப்பது

புழுக்கொடியலை முன்பல்லால் கடிப்பது, சோடா மூடியைப் பல்லால் திறப்பது, நகம் கடிப்பது, பென்சில் கடிப்பது. இவற்றை விடவே வேண்டும். புழுக்கொடியல் ஆசை எனக்கும் உண்டு. சின்னத் துண்டாக உடைத்துப் பின்பல்லில் போட்டு மெல்லலாம். அக்காவின் மெஷினில் இப்போது ஒரு சின்னக் கத்தரிக்கோல் நாடாவில் தொங்குகிறது.

வெற்றிலை போடுபவர்களுக்கு உள்ளதைச் சொல்கிறேன். பாக்கு பல்லைத் தேய்க்கும், கொம்போசிட்டில் கறை ஏற்றும். அதைவிடப் பெரிய விஷயம், பாக்கு வாய்ப் புற்றுநோய்க்கு நிரூபிக்கப்பட்ட காரணம். வெனியர் அதை விடுவதற்கு ஒரு சாட்டாக அமைந்தால் மிகவும் நல்லது.

உப்பு, உமிக்கரி, கரிப்பொடி கலந்த பற்பசை எல்லாம் கொம்போசிட்டின் மினுக்கத்தைக் கீறும். கீறிய இடத்தில் பிளேன்டீக் கறை ஏறும். மென்மையான பிரஷும் சாதாரண ஃபுளோரைடு பற்பசையும் போதும்.

இரவில் நெருமுபவர்களுக்கு, படுக்கும்போது பல்லில் மாட்டும் நைட் கார்ட்தான் காவல். அச்செடுத்துச் செய்த கெட்டியான அக்ரிலிக் கார்ட் வேண்டும். விளையாட்டுச் சாமான் கடையில் விற்கும், சுடுநீரில் போட்டுக் கடிக்கும் மென்மையான ரப்பரை நம்ப வேண்டாம். கார்ட்டைச் சுடுநீரில் கழுவினாலோ, வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டாலோ கோணிவிடும். பச்சைத் தண்ணீரில் கழுவி டப்பாவில் வையுங்கள். ஒவ்வொரு முறை பல்லைக் காட்டப் போகும்போதும் அதையும் கொண்டுபோங்கள். கார்ட்டில் விழுந்த கோடுகளைப் பார்த்தே எங்கே அழுத்தம் அதிகம் என்று வைத்தியர் சொல்லிவிடுவார். அக்காவின் கார்ட்டில் ஒரு வருடத்தில் இடப்பக்கம் விரல் நகத்தால் தடவிப் பார்க்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளம் அவருடைய பல்லில் விழ வேண்டியது.

பீங்கான் வெனியர் எப்போதாவது முழுதாகக் கழன்று வந்தால் சூப்பர் குளூ போட்டு ஒட்டிவிடாதீர்கள். அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பதற்குள் ஓடும் உடையும், பல்லும் கெடும். கழுவி, பஞ்சு வைத்த சின்ன டப்பாவில் போட்டு, அந்தப் பக்கத்தால் கடிக்காமல் அடுத்த நாளே கொண்டுபோங்கள். ஓடு உடையாமல் இருந்தால் அதையே திரும்ப ஒட்ட வாய்ப்பு உண்டு.